புது ஓனர் வந்தாச்சு, கோப்பை எப்பங்க வரும்? கொங்குக் கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் சனி, ஞாயிறு ராத்திரிகளில் இங்கிலீஷ் கால்பந்து பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. மேட்ச் ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் பேக்கரி வாசலில் டீயும் தேங்காய் பன்னுமாக நடக்கிற ஞாயம் அதைவிட நீளம். அந்த ஞாயத்தில் இப்போது பாதி, கிளப் ஓனர்களைப் பற்றியதாக ஆகிவிட்டது. யார் எவ்வளவு இறக்கினார், யாருக்கு ஆசை இருக்கிறது, யார் கஞ்சன் என்று பேச்சு போகும்.

எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அதனால் காசு சம்பந்தப்பட்ட கேள்வி எதுவானாலும் "அண்ணனைக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிட்டேன். நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். சில இடங்களில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொகை எல்லாம் பவுண்டில். ஒரு பவுண்டு என்பது நூறு ரூபாய்க்கும் மேல். ஆகவே ஒரு கோடி பவுண்டு என்று படித்தால் நூறு கோடி ரூபாய்க்கு மேல் என்று மனதுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, புது ஓனர் வந்தா மொதல்ல எதைப் பார்க்கோணும்?

பேட்டியைப் பார்க்காதீர்கள். முதல் பேட்டியில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக், புது ஸ்டேடியம், ரசிகர்கள்தான் எங்கள் குடும்பம். முதல் டிரான்ஸ்ஃபர் சீசனில் (வீரர்களை வாங்கி விற்கிற காலம்) எத்தனை பேரை வாங்கினார் என்பதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில், காசு எந்த ரூபத்தில் உள்ளே வருகிறது என்று பாருங்கள். பங்கு மூலதனமாக வந்தால் அது கிளப்பின் காசு, திருப்பித் தர வேண்டியதில்லை. ஓனர் கொடுத்த கடனாக வந்தால், அவர் மனசு இருக்கிற வரைக்கும் நல்லது. கிளப்பின் பெயரிலேயே வெளியில் கடன் வாங்கியிருந்தால், செலவு செய்வது ஓனர், வட்டி கட்டுவது நீங்கள் டிக்கெட்டுக்கும் டிவிக்கும் கொடுக்கிற காசு.

அப்புறம், யாரை வாங்குவது, யாரை விற்பது, மேனேஜராக (அங்கே தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் சொல்வார்கள்) யாரை வைப்பது என்று முடிவெடுக்கிற ஆள் யார் என்று பாருங்கள். அந்த ஆளுக்குக் கால்பந்து தெரியுமா, தினமும் ஊரில் இருக்கிறாரா? என்னைக் கேட்டால் முதலாவதைவிட இதுதான் பெரிய கேள்வி. காசு இருந்தும் கெட்டுப்போன கிளப் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுந்தன.

ஓனர் கடன் கொடுத்தா தப்புங்களா? அவர் கிளப்புக்கு அவர்தானே குடுக்கறாரு?

தப்பில்லை. பிரைட்டனின் டோனி புளூம் சின்ன வயதிலிருந்தே அந்தக் கிளப்பின் ரசிகர். 2009-இல் பொறுப்புக்கு வந்து, 2011-இல் திறந்த புது ஸ்டேடியத்துக்கும் சேர்த்துப் பெருந்தொகையை வட்டியில்லாக் கடனாகவே கொடுத்தார். 2017-இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகுக்கு ஏறினார்கள், இன்னும் இறங்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் கடன் ஒற்றை மனிதரின் நிலைமையில் தொங்கிக்கொண்டிருக்கும். செல்சியை ரோமன் அப்ரமோவிச் 2003-இல் வாங்கினார். 19 வருடத்தில் அவர் இறக்கிய கடன் பாக்கி 150 கோடி பவுண்டு. 2022-இல் உக்ரைன் போர் வந்து பிரிட்டன் அரசு அவர் சொத்தை முடக்கியதும், மேட்ச் டிக்கெட் விற்கக்கூட அரசு அனுமதி வேண்டும் என்ற நிலை. கடனைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவர் சொன்னதால் விற்பனை நடந்தது. கேட்டிருந்தால்? ஐந்து பிரீமியர் லீக் கோப்பையும் இரண்டு சாம்பியன்ஸ் லீகும் ஜெயித்த கிளப், அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருந்தது.

கிளப்போட தலைமேலயே கடனைக் கட்டறதுன்னா என்னங்க? கிளேசர் குடும்பத்தைத் திட்டறீங்களே, ஏன்?

இதைச் சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு ஒரே நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். கடனே இல்லாமல் நன்றாக ஓடுகிற தறிக்குடோன் ஒன்றை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கையில் முழுக்காசு இல்லை. அந்தத் தறிகளையே பேங்கில் அடமானம் வைத்து, அந்தப் பணத்தையே விற்கிறவருக்குக் கொடுத்து வாங்குகிறார். அதற்கப்புறம் தவணையும் வட்டியும் தறி ஓடி வருகிற வருமானத்தில். தறி பழசானால் மாற்றக் காசில்லை, ஆனால் வட்டி மட்டும் மாதாமாதம் போகிறது.

2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்தது இதுதான். அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு எடுத்தது. அதில் பெரும்பங்கு கடன். கடனில்லாமல் இருந்த கிளப் ஒரே நாளில் கடன்கார கிளப் ஆனது. அதன்பின் வட்டிக்கு மட்டுமே பல பத்துக் கோடி பவுண்டுகள் வெளியே போயிருக்கின்றன. மேனேஜர் பெர்குசன் இருந்த வரை கோப்பைகள் வந்ததால் நமக்கு உறைக்கவில்லை. 2013-இல் அவர் போனார், சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் கூரை ஒழுகியது பிற்பாடுதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

"யுனைடெட் செலவே பண்றதில்லை" என்று சொல்கிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துவராது. செலவு பண்ணினார்கள், தாராளமாகவே பண்ணினார்கள். 2016-இல் போக்பாவை 8.9 கோடி பவுண்டுக்கு வாங்கியது அன்றைய உலக சாதனை. வாங்கத் தெரியவில்லை என்பதுதான் குறை. நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி இது.

நியூகாசிலுக்கு சவுதிக்காரங்க காசு. அப்புறம் ஏன் வருஷத்துக்கு பத்துப் பேரை வாங்கலை? ஆசையில்லைங்களா?

ஆசைக்குக் குறைவில்லை, விதி விடவில்லை. 2021 அக்டோபரில் சவுதி அரசின் முதலீட்டு நிதியம் தலைமையிலான கூட்டணி, சுமார் 30.5 கோடி பவுண்டுக்கு நியூகாசிலை வாங்கியது. அன்றைக்குப் பேக்கரியில் நியூகாசில் ஆதரவாளர்கள் திடீரென்று முளைத்தார்கள். அடுத்த வருடமே எம்பாப்பே வருவான் என்று ஒரு தம்பி பந்தயம் கட்டினான், ஒரு மாத டீச்செலவு போனது.

பிரீமியர் லீகில் லாபம், நிலைத்தன்மை பற்றி 2025-26 சீசன் வரைக்குமான விதி ஒன்று உண்டு. மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அகாடமி (கிளப்பின் இளைஞர் பயிற்சிப் பள்ளி), பெண்கள் அணி, ஸ்டேடியம் கட்டுகிற செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். ஓனர் உலகப் பணக்காரராக இருந்தாலும் இதே வரம்புதான். செலவைக் கூட்ட வேண்டுமென்றால் கிளப்பின் வருமானம் கூட வேண்டும். சவுதிக் கம்பெனி ஒன்றை ஸ்பான்சராகக் கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு தொகை எழுதலாம் என்றால், ஓனரோடு தொடர்புள்ள ஒப்பந்தம் சந்தை விலைக்குள் இருக்கிறதா என்று லீக் பார்க்கும்.

மீறினால் என்ன ஆகும் என்பதை எவர்டன் காட்டியது. 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள், அப்பீலில் 6 ஆனது, அதே சீசனில் இன்னொரு கணக்குக்காக மேலும் 2. நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு 4. கோல் வாங்காமலேயே புள்ளி போவது எவ்வளவு கொடுமை என்று எவர்டன்காரர்களைக் கேளுங்கள்.

அதனால் நியூகாசில் பொறுமையாக வாங்கியது. 2022 ஜனவரியில் டிரிப்பியர், புரூனோ கிமரேஸ், அப்புறம் ஐசக். எடி ஹௌ என்ற பயிற்சியாளரை விடாமல் வைத்துக்கொண்டது. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்து லீக் கோப்பையை எடுத்தார்கள். 1955-க்குப் பிறகு அவர்கள் கைக்கு வந்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை அது. அதே வருடம் ஐசக்கை லிவர்பூலுக்கே விற்க வேண்டியும் வந்தது. சவுதிக் காசு இருக்கிற கிளப் தன் முதல் கோல்காரனை விற்கிறது என்பதை 2021-இல் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அப்ப செல்சி மட்டும் எப்படிங்க நூறு கோடி பவுண்டு செலவு பண்ணாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தொழில் பாசம்.

2022 மே மாதம் டாட் போலி, கிளியர்லேக் நிறுவனம் அடங்கிய கூட்டணி செல்சியை 250 கோடி பவுண்டுக்கு எடுத்தது. மேற்கொண்டு 175 கோடி முதலீடு செய்வதாகவும் உறுதி. அடுத்த இரண்டு மூன்று டிரான்ஸ்ஃபர் சீசன்களில் வாங்கிக் குவித்தார்கள்.

ஒரு வீரரை வாங்கினால், கொடுத்த தொகை முழுவதும் அந்த வருடச் செலவாகக் கணக்கில் ஏறாது. கான்ட்ராக்ட் எத்தனை வருடமோ அத்தனை வருடத்துக்குப் பிரித்து எழுதுவார்கள். மிஷினுக்குத் தேய்மானம் எழுதுகிற அதே முறை. அர்ஜென்டினாவின் என்சோ ஃபெர்னாண்டஸை 2023 ஜனவரியில் 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். வழக்கமான ஐந்து வருட கான்ட்ராக்ட் என்றால் வருடத்துக்கு 2.13 கோடிக்கு மேல் செலவாக ஏறும். அவர்கள் போட்டது எட்டரை வருடம். வருடச் செலவு சுமார் 1.25 கோடியாகக் குறைந்தது. ஒரே ஆளில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் பவுண்டு இடம் கிடைத்தது. இதையே பத்துப் பதினைந்து பேருக்குச் செய்து பாருங்கள்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2023-இல் விழித்துக்கொண்டு, எத்தனை வருட கான்ட்ராக்டானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. அந்த வருடக் கடைசியில் பிரீமியர் லீகும் அதையே செய்தது. ஏற்கெனவே கையெழுத்தானவை தப்பித்தன. செல்சி ஆட்கள் அப்புறம் இரண்டு ஓட்டல்களைத் தங்கள் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று லாபம் காட்டினார்கள். இடது பையிலிருந்து வலது பைக்கு. பிரீமியர் லீக் அதை அனுமதித்தது, ஐரோப்பியச் சங்கம் ஏற்கவில்லை.

சாமர்த்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆள் சரிப்படவில்லை என்றால் எட்டு வருடம் சம்பளம் கொடுக்க வேண்டும், விற்கவும் முடியாது. முதல் சீசனில் அவர்கள் முடித்த இடம் 12. 2025-இல் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீகும் கிளப் உலகக் கோப்பையும் ஜெயித்ததும் "பாத்தீங்களா" என்று செல்சித் தம்பிகள் வந்துவிட்டார்கள். பார்த்தேன். அத்தனை காசுக்கு அது போதுமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

சொந்த அகாடமிப் பசங்களை ஏன் மொதல்ல விக்கறாங்க? மனசே இல்லீங்களா?

அதே கணக்குத்தான் காரணம். சின்ன வயதிலிருந்து கிளப்பிலேயே வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. விற்றால் முழுத்தொகையும் அந்த வருடமே லாபம். மேசன் மவுன்ட்டைச் செல்சி 2023-இல் யுனைடெட்டுக்கு விற்றது. நியூகாசில் 2024 ஜூன் கடைசியில் எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்றது. ஜூன் 30 கணக்கு முடிக்கிற நாள். நம் ஊரில் மார்ச் 31-க்குப் படுகிற அதே பாடு. ஊர்ப்பையன்களை அதிகம் ஆடவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஊர்ப்பையனை விற்றால்தான் லாபம் என்று விதியை எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

2026-27 சீசனிலிருந்து பிரீமியர் லீகில் வேறு முறை. அணிக்கான செலவு, கிளப் வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடுகிற கிளப்புக்கு வரம்பு 70.

பிளாக்பர்ன் ரோவர்ஸை நம்ம கோழிக்காரங்க வாங்கினாங்களாமே, அது என்ன கதை?

நம்ம ஊர்க்காரர்கள் இல்லை, புனேக்காரர்கள். ஆனால் கொங்கு நாட்டுக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. வெங்கிஸ் என்ற அந்தக் கோழிக் குழுமத்தைத் தொடங்கியவர் பி. வி. ராவ். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. நாமக்கல் மண்டலத்துக்கு தினமும் முட்டை விலை அறிவிக்கிறதே, அதே குழுதான். நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மரியாதை தானாக வரும். அவருடைய பிள்ளைகள்தான் 2010 நவம்பரில் பிளாக்பர்னை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள்.

பிளாக்பர்ன் எப்பேர்ப்பட்ட ஊர் என்றும் சொல்லிவிடுகிறேன். பருத்தி நெசவால் வாழ்ந்த லங்காஷயர் ஊர். காந்தி 1931-இல் மில் தொழிலாளர்களைப் பார்க்கப் போன டார்வன் அதற்குப் பக்கத்தில்தான். கிளப் தொடங்கியது 1875-இல், இங்கிலாந்தில் லீக் தொடங்கியபோது இருந்த பன்னிரண்டு கிளப்களில் ஒன்று.

வாங்கிய ஒரு மாதத்திற்குள் மேனேஜர் சாம் அலார்டைஸை அனுப்பினார்கள். அணி அப்போது 13-வது இடத்தில் பத்திரமாக இருந்தது. இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் கீன், பயிற்சியாளர் குழுவில் இருந்தவர், மேனேஜராக இருந்த அனுபவம் இல்லை. ரொனால்டினோ வருகிறார், பெக்காம் வருகிறார் என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. இருவரும் வரவில்லை. அடுத்த கோடையில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஃபில் ஜோன்ஸ் யுனைடெட்டுக்குப் போனார்.

2012 மே 7, விகனோடு சொந்த மைதானத்தில் மேட்ச். தோற்றால் கீழே இறங்க வேண்டும். ரசிகர் யாரோ ஒருவர் உயிருள்ள கோழி ஒன்றுக்குக் கிளப் கொடியைச் சுற்றி மைதானத்துக்குள் விட்டுவிட்டார். கொட்டுகிற மழையில் அது புல்லில் ஓடிக்கொண்டிருந்த காட்சியை உலகமே பார்த்தது. ஆட்டம் 0-1. ரோவர்ஸ் இறங்கியது, இன்னும் பிரீமியர் லீகுக்குத் திரும்பவில்லை. அடுத்த சீசனில் ஹென்னிங் பெர்க் 57 நாளும் மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளும் மேனேஜராக இருந்தார்கள். 2017-இல் மூன்றாம் டிவிஷனுக்கும் இறங்கி, ஒரே வருடத்தில் மீண்டார்கள்.

பேக்கரியில் ரொம்பப் பேருக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. வெங்கிஸ் கஞ்சர்கள் அல்ல. இத்தனை வருடத்தில் 20 கோடி பவுண்டுக்கும் மேல் சொந்தக் காசைக் கொட்டியிருக்கிறார்கள். திரும்பி வராத காசு. பின்னாளில் இந்தியாவிலிருந்து பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அப்படியும் கிளப்பை ஓட்டினார்கள். காசு இருந்தது, மனசும் இருந்திருக்கும். முடிவெடுக்கிற இடத்தில் கால்பந்து தெரிந்த, ஊரில் இருக்கிற ஆள் ஆரம்பத்தில் இல்லை. முதல் இரண்டு வருடத்தில் செய்ததை அடுத்த பத்து வருடக் காசாலும் சரிக்கட்ட முடியவில்லை.

2025 பிப்ரவரியில் ஜான் யூஸ்டஸ் என்ற மேனேஜர் இவர்களை இரண்டாம் டிவிஷனில் ஐந்தாம் இடத்தில் வைத்திருந்தார். மேலே ஏற வாய்ப்பிருந்த அணி. அதை விட்டுவிட்டு, அதே டிவிஷனில் இறங்குகிற நிலையில் இருந்த டெர்பி கிளப்புக்குப் போனார். ஓனரைப் பற்றி வேறு என்ன சாட்சி வேண்டும்?

அப்ப காசை இறக்கி ஜெயிச்ச ஓனரே இல்லீங்களா?

அதே பிளாக்பர்னில் இருந்தார். ஜாக் வாக்கர், உள்ளூர்க்காரர், இரும்பு வியாபாரி. கம்பெனியை 1989-இல் சுமார் 33 கோடி பவுண்டுக்கு விற்றார். 1991-இல் கிளப்பைக் கைக்குள் கொண்டுவந்தார், கென்னி டால்கிளிஷை மேனேஜராக வைத்தார். அடுத்த வருடம் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், ஆலன் ஷியரரைச் சாதனை விலைக்கு வாங்கினார்கள். 1995-இல் பட்டம். கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், யுனைடெட் வெஸ்ட்ஹாமில் டிரா செய்ததால் கோப்பை அவர்களுக்கு. அந்த யுனைடெட் டிராவை நினைத்தால் எனக்கு இப்போதும் வெசனம்.

வாக்கர் செலவு செய்யத் தயங்காதவர். ஆனால் முதலில் டால்கிளிஷ், பிறகுதான் ஷியரர். வரிசையைக் கவனியுங்கள். அபுதாபி ஆட்கள் 2008-இல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கிய முதல் நாளே பிரேசில் வீரர் ரொபினோவை வாங்கினார்கள், அது பட்டாசு. சிட்டி நிஜமாக மாறியது, பார்சிலோனாவில் இருந்த நிர்வாகிகளைக் கூட்டிவந்து அவர்கள் கையில் சாவியைக் கொடுத்த பிறகுதான். சிட்டி மேல் 2023 பிப்ரவரியில் லீக் சுமத்திய நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல் குற்றச்சாட்டுகள் தனிக் கதை. அதை ஆரம்பித்தால் பேக்கரி மூடுகிற நேரம் ஆகிவிடும்.

ராட்கிளிஃப் சிக்கனமா இருக்கறது நல்லதுதானுங்களே?

நம் பக்கத்தில் சிக்கனம் என்றால் உடனே தலையாட்டிவிடுவோம். 2024 பிப்ரவரியில் பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் யுனைடெட்டில் 27.7 சதவீதம் வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். 250 பேர் வேலை போனது, அடுத்த வருடம் இன்னும் 200 பேர் வரை என்றார்கள். ஓல்டு டிராஃபோர்டு ஊழியர்களின் இலவச மதிய உணவை நிறுத்திப் பழம் கொடுத்தார்கள்.

சரி, மிச்சம் பிடித்தார்கள். அதே காலத்தில் மேனேஜர் டென் ஹாகின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீட்டித்து அக்டோபரில் அனுப்பினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கூட்டிவந்த கால்பந்து நிர்வாகி டான் ஆஷ்வொர்த்தை ஐந்தே மாதத்தில் வழியனுப்பினார்கள். இந்த இரண்டு அனுப்புதலுக்கும் ஆன செலவு 1.45 கோடி பவுண்டு. எத்தனை வருட மதியச் சாப்பாடு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது. 2024-25-இல் முடித்த இடம் 15.

ரசிகர்கள் கத்தினா ஓனர் போயிருவாரா?

பெரும்பாலும் போகமாட்டார். 2021 மே மாதம் யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் மேட்ச்சை நிறுத்தினார்கள். கிளேசர் குடும்பம் இன்னும் பெரும்பங்குதாரர்தான். ஸ்பெயினில் வலென்சியா ரசிகர்கள் சிங்கப்பூர்க்காரர் பீட்டர் லிம்முக்கு எதிராக வருடக்கணக்கில் கொடி பிடித்தார்கள்.

ஆனால் ஓனரின் ஒரு முடிவை மாற்ற வைக்கலாம். கார்டிஃபை வாங்கிய வின்சென்ட் டான், நீலச் சட்டையை 2012-இல் சிவப்பாக்கினார், சிவப்பு ராசி என்றார். ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் மீண்டும் நீலம். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் தங்களுக்கென்று அறிவித்த சூப்பர் லீகில் ஆறு இங்கிலீஷ் கிளப்களும் சேர்ந்தன, ரசிகர்களின் எதிர்ப்பில் அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

ஜெர்மனி மாதிரி ரசிகர்களே ஓனரா இருந்தா?

அங்கே ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போல விதிவிலக்கும் உண்டு. டிக்கெட் விலை குறைவு, மைதானம் நிறைகிறது. பேயர்ன் மூனிக் தொடர்ந்து பதினோரு வருடம் பட்டம் ஜெயித்ததும் அந்த விதிக்குள்தான். எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்க வேண்டாம்.

கோயமுத்தூருக்கே ஒரு ஓனர் வந்தா?

வந்தாச்சு, மறந்துவிட்டோம். சென்னை சிட்டி என்ற பெயரில் இருந்த கிளப் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கி ஐ-லீக் ஆடியது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்கள் சின்னச் சின்னப் பாஸ்களில் பந்தைச் சுற்ற விட்டார்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் ஒரு கோல் வாங்கி, அப்புறம் 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் எடுத்தார்கள். இந்திய லீக் பட்டம், அவினாசி ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

பெரிய செலவில் வந்த வெற்றி இல்லை அது. சரியான ஆள்களைத் தேடிப் பிடித்ததில் வந்தது. அதே வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்தது. ஆனால் ஐ-லீக் ஜெயித்தால் காசு புழங்குகிற ஐ.எஸ்.எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) ஏறலாம் என்ற வழி அப்போது இல்லை. ஜெயித்தும் வருமானம் ஏற வழியில்லாத இடத்தில் எந்த ஓனரும் எத்தனை நாள் தாங்குவார்? கொரோனா வந்தது, 2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தா பக்கமே நடந்தது, அடுத்த சீசன் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. ஐரோப்பிய ஓனர்களைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிற நமக்கு, அது போனபோது சத்தமே வரவில்லை.

ரெக்ஸம் மாதிரி நம்ம நடிகர் யாராச்சும் வாங்கினா?

ஹாலிவுட் நடிகர்கள் ரையன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021-இல் ஐந்தாம் டிவிஷன் ரெக்ஸமை வாங்கினார்கள். 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் வரிசையாக ஏறி இரண்டாம் டிவிஷனுக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஜெயித்தால் ஏற ஏணி இருக்கிறது, அதற்கு மேலே டிவிக் காசு இருக்கிறது. நடிகர் இங்கேயும் கிடைப்பார், அந்த ஏணிதான் வேண்டும்.

நாம ஜெர்சி வாங்கினா கிளப்புக்குக் காசு போகுங்களா?

திருப்பூரில் 250 ரூபாய்க்கு வாங்கியதா? போகாது கண்ணு.

இந்தக் கணக்கெல்லாம் எங்க பார்க்கறதுங்க?

இங்கிலாந்தில் கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் எல்லா கிளப்பின் வருடக் கணக்கும் இலவசம். கிளப்பின் முழுப்பெயரைப் போட்டுத் தேடினால் போதும். ஜூனில் கணக்கு முடிக்கிற கிளப்கள் பெரும்பாலும் அடுத்த மார்ச்சுக்குள் தாக்கல் செய்துவிடும்.

எழுபது எண்பது பக்கம் இருக்கும், முதல் பத்துப் பக்கம் படம், அதைத் தாண்டிவிடுங்கள். சம்பளச் செலவை மொத்த வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் புருவத்தைத் தூக்கலாம், 100-ஐத் தாண்டினால் ஓனர் பாக்கெட்டில் ஓடுகிற கிளப். பிறகு வட்டிச் செலவு. பிறகு வீரர் விற்பனை லாபம், அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று. கடைசியில் குறிப்புகளில் 'தொடர்புடைய தரப்பினர்' என்று ஒரு பகுதி வரும். ஓனரின் மற்றக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் அதில்தான் ஒளிந்திருக்கும், செல்சி ஓட்டல் மாதிரி.

புரியாத வரி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துப் பேக்கரிக்கு வாங்க. சனிக்கிழமை ராத்திரி வேண்டாம், மேட்ச் இருக்கும்.